கரப்பானும் கைமருந்தும்

கரப்பான் என்பது தமிழ் மருத்துவத்தில் ஒரு நோய்க் கூட்டத்தின் பெயர். மண்டைக் கரப்பான், வறட்கரப்பான், பொரிகரப்பான், வெடிகரப்பான், கருங்கரப்பான் என அதன் வகைகளை மருத்துவ நூல்கள் விரித்துரைக்கும். அவற்றின் தொகையைப் பதினெட்டென்று கூறும் வழக்கும் உண்டு. இவற்றுட் சில, மேனாட்டு மருத்துவர் எக்சீமா எனக் குறிப்பிடும் தோல் அழற்சியோடு பெரிதும் ஒத்தவை. சில அதனின் வேறானவை. தோல் சிவந்து, தினவெடுத்து, சிறு கொப்புளங்கள் அரும்பி, நீர் கசிந்து, பொருக்குக் கட்டி, நாட்பட்டபின் தடித்துக் கறுத்து வெடிக்கும் அந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவரைத் தொற்றுவதன்று, உயிரைக் கொள்வதுமன்று. ஆயினும் அஃது இரவுறக்கத்தைக் கெடுக்கும். குழந்தையைச் சொறிந்து சொறிந்து அழவைக்கும். முகத்திலே தோன்றின் ஊரார் வாய்க்கு இரையாக்கும். உடனே உயிருக்கு இடர் செய்யாத நோயாதலின், வைத்தியர் வீட்டுப் படலையைத் திறக்குமுன் அடுக்களையிலும் வேலியோரத்திலும் அதற்கு மருந்து தேடினர் மக்கள். அவ்வாறு தேடிய கைமருந்துகளுள் எது நோயைத் தணித்தது, எது நோயாளியை வருத்தியது என்னும் வினாவுக்கு விடை, பெரும்பாலும் நோய்க்கு இட்ட பெயரிலேயே தங்கியிருந்தது.

வடமொழி மருத்துவ நூல்களில் இந்நோய்க்கு விசர்ச்சிகை என்று பெயர். சரகர் நூல் குட்டம் பதினெட்டென வகுத்து, அவற்றுள் ஏழினைப் பெருங்குட்டம் என்றும் பதினொன்றினைச் சிறுகுட்டம் என்றும் பிரித்து, விசர்ச்சிகையைச் சிறுகுட்டத்துள் அடக்கும். தினவும் கருநிறமும் மிகுந்த நீர்க்கசிவும் உடைய பருக்கள் என்பது சரகர் கூறும் இலக்கணம். சுசுருதரோ, மிக்க தினவும் நோவும் உடையனவாய் வறண்டு தோன்றும் கோடுகளே விசர்ச்சிகை என்பர். ஒன்று ஈரம், மற்றையது வறட்சி. முரண்போலத் தோன்றும் இவ்விரு கூற்றும் ஒரே நோயின் இரு பருவங்களை நோக்கி எழுந்தனவாகக் கொள்ளுதல் பொருந்தும். புதிதாய்த் தோன்றிய எக்சீமா நீர் கசியும். நாட்பட்டது வறண்டு வெடிக்கும். இருவரும் கண்டதைக் கண்டவாறு எழுதினர் என்பதில் ஐயமில்லை. ஆயின் குட்டம் என்னும் பெருந்தலைப்பின்கீழ் இது வைக்கப்பட்டமையால் நேர்ந்த இடரும் சிறிதன்று. பொதுமக்கள் வாயில் குட்டம் என்பது தொழுநோய் ஒன்றையே குறித்து வந்தது. தீராத தோல்நோய் உடையான் ஒருவன் அப்பெயரின் நிழலில் அகப்பட்டால் பந்தியும் சம்பந்தமும் அவனுக்கு அரிதாயின.

எக்சீமா என்னும் சொல்லும் பழையதே. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் அமிடா நகரத்து ஏற்றியஸ் என்னும் கிரேக்க மருத்துவர் அதனை வழங்கினார். பொங்கி வழிதல் என்பது அதன் பொருள். அடுப்பிலேற்றிய பால் நுரைத்தெழுவதுபோலத் தோலின்மேற் கொப்புளம் எழுவதைக் கண்டு இட்ட பெயர் அது. இலண்டனில் வாழ்ந்த றொபேட் வில்லன் என்பார் தோல்நோய்களைக் கட்புலனாகும் வடிவுபற்றிப் பரு, செதில், கொப்புளம் என நிரைப்படுத்தி 1808ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அவர் 1812இல் இறந்தபின் அவர் மாணாக்கரான பேற்மன் 1813இல் அப்பணியைச் சுருக்கி முடித்தார். எக்சீமா என்னும் பெயர் இன்றைய வழக்கிற்கு அண்மையதாய் நிலைபெற்றது அப்பொழுதே.

ஈழநாட்டிலே, நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடினர். அவர்கள் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் இரண்டும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவத்தின் அடித்தளமாயின. 1619இல் அவ்வரசு போர்த்துக்கேயர் கைப்பட்ட பின்னரும் அந்நூல்கள் வைத்திய பரம்பரையினரின் வீடுகளில் ஏடுகளாய்ப் பேணப்பட்டன. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளின் இறுதியிலும் முப்பதுகளிலும் பரராசசேகரத்தைப் பகுதி பகுதியாக அச்சேற்றியிராவிடின் அதன் பெரும்பாகம் செல்லுக்கு இரையாகியிருத்தல் கூடும். அந்நூலிற் கரப்பன், கிரந்தி, குட்டம் என்பன தனித்தனி உரோகங்களாகப் பேசப்படுகின்றன. வடநூலார் ஒரு குடைக்கீழ் அடக்கியதைத் தமிழ் மருத்துவர் பிரித்துவைத்தமை சிறு செய்தியன்று. கரப்பான் கொண்ட குழந்தையைக் குட்டரோகியென எண்ணாதிருக்க அஃது இடந்தந்தது.

ஏட்டு மருத்துவம் வைத்தியருக்கு உரியது. வீட்டு மருத்துவமோ பெரும்பாலும் பேத்தியார்மார் கையில் இருந்தது. அவர்களுக்கு மருந்துக்கடை வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வளவு ஒவ்வொன்றிலும் வேம்பு நின்றது. வேலிக் கதியால்களிடையே பூவரசு தழைத்தது. கிணற்றடியில் அறுகு படர்ந்தது. குப்பைமேனி தானே முளைத்தது. வேப்பிலை அவித்த நீராற் கழுவுதலும், பூவரசம்பட்டைக் கியாழத்தால் அலம்புதலும், பூவரசங்காயைக் கீறி வடியும் மஞ்சட் பாலைத் தடவுதலும், குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துப் பூசுதலும் பரவலான வழக்கங்கள். சவர்க்காரம் வீடுதோறும் புகுமுன் குழந்தைகளைப் பயற்றம்மா தேய்த்து நீராட்டினர். தோலிலுள்ள இயற்கையான நெய்ப்பை முற்றாக அகற்றிவிடாது அழுக்கை மட்டும் கொண்டுபோவது மா. குளிர்நாட்டார் இதே நோக்குடன் ஓட்ஸ் மாவை நீரிற் கரைத்துக் குளித்தனர். நுண்ணிதாய் அரைத்த ஓட்ஸ் மாவினைத் தோலைக் காக்கும் பொருள்களுள் ஒன்றாக அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2003இல் ஏற்றுக்கொண்டது.

இவை எல்லாவற்றினும் மேலாகப் போற்றப்பட்டது காய்ச்சிய எண்ணெய். அறுகம்புல்லை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயிற் கலந்து, சிறுதீயில் வைத்துத் துழாவிக்கொண்டிருப்பர். சாற்றிலுள்ள நீர் வற்ற வற்ற நுரை அடங்கும். ஒரு திரியை எண்ணெயில் தோய்த்து நெருப்பிற் பிடித்தால் முதலிற் சடசடவென ஒலிக்கும். ஈரம் முற்றும் நீங்கியபின் ஒலியின்றி எரியும். அடியில் தங்கிய கசண்டினை விரல்களிடை உருட்டிப் பார்த்து, மெழுகுபோலத் திரளின் மெழுகுபதம் என்றும், மணல்போல உதிரின் மணற்பதம் என்றும் அறிந்து இறக்குவர். இப்பதம் அறிதலிலேதான் கைப்பக்குவம் இருந்தது. நீர் எஞ்சிய எண்ணெய் சில நாளிற் பூசணம் பிடித்து நாறும். அதனை வெடித்த தோலிற் பூசுதல் புண்ணைப் பழுக்கவைத்தலாகும். மணற்பதமும் கடந்து கருகிய எண்ணெயோ எரிவு தரும். தமிழகத்தில் வெட்பாலை இலையை எண்ணெயிலிட்டு அடுப்பேற்றாது வெயிலில் வைத்தே எடுப்பர். சில நாளில் எண்ணெய் ஊதாநிறங் கொள்ளும். அது சிறப்பாகக் காளாஞ்சகப்படைக்கு வழங்குவது, கரப்பானுக்கும் இடுவாருளர்.

எண்ணெய் பூசிய குழந்தை ஏன் உறங்கிற்று என்பதற்குப் பழைய நூல்கள் வாத பித்த கபங்களின் தணிவைக் காரணமாகக் காட்டின. இன்றைய அறிவியல் வேறொரு காரணத்தைத் தருகின்றது. ஸ்கொத்லாந்தின் டண்டி நகரத்து ஆராய்ச்சியாளர் 2006இல், எக்சீமா உடையோர் பலரிடம் தோலின் மேற்படையை இறுக்கமாகக் கட்டிவைக்கும் பிலாக்கிறின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணு பழுதுற்றிருத்தலைக் கண்டறிந்தனர். கட்டுத் தளர்ந்த தோலிலிருந்து நீர் வெளியேறும். புறத்தே உள்ள உறுத்தும் பொருள்களும் கிருமிகளும் உள்ளே புகும். கூரை வேய்ந்த ஓலை இற்றுப்போன வீட்டின் நிலை அதுவே. எண்ணெய் அவ்விடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கின்றது. தற்காலிகமாக என்பதை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். பிரித்தானியாவில் 1394 குழந்தைகளைக்கொண்டு நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பிறந்தது முதல் ஓராண்டு நாடோறும் நெய்ப்பொருள் பூசினும் எக்சீமா தோன்றுவதைத் தடுக்க முடியவில்லை என்று காட்டிற்று. தணிப்பது வேறு, தடுப்பது வேறு.

கைமருந்துகள் எல்லாம் இம்மண்ணிலேயே தோன்றியவை என்று கொள்ளுதல் தவறு. பறங்கிச்சக்கை தன் பெயரிலேயே தன் வரவைச் சொல்லுகின்றது. சீனத்து வேரான அதனைப் பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேய வணிகர் கடல்வழி பரப்பினர்; கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட தம் நூலில் அதுபற்றி விரிவாக எழுதினார். அது முதலிற் பறங்கிப்புண்ணுக்கே மருந்தாய் வந்தது. அந்நோய்க்கும் கிரந்தி என்னும் பெயர் வழங்கியமையாலும், குழந்தைகளின் தோற்கொதிப்புக்கும் யாழ்ப்பாணத்திற் கிரந்தி என்றே பெயராதலாலும், முன்னதற்கு வந்த மருந்து பின்னதற்கும் எளிதிற் சென்று சேர வழி ஏற்பட்டது. வண்டுகொல்லி என்னும் சீமையகத்தியும் பிரமதண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியவை. இன்று அவற்றைப் பாட்டன் காலத்துப் பச்சிலை என்பார் அச்செய்தியை அறியார்.

பெயர் மயக்கம் மருந்து மயக்கமாக மாறியதை வண்டுகொல்லியின் கதை நன்கு விளக்கும். அதன் இலையிலுள்ள பொருள்கள் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சணத்தை அழிக்க வல்லன. படர்தாமரைக்கு அது நன்மருந்து. வட்டமாய்ப் படர்ந்த எக்சீமாவும் பார்வைக்குப் படர்தாமரை போன்றே தோன்றும். அதன்மேல் வண்டுகொல்லியை அரைத்துப் பூசின் தோல் மேலும் கன்றிச் சிவக்கும். கந்தகத்தின் கதையும் இதுவே. சொறிசிரங்குக்குக் கந்தகம் கைகண்ட மருந்தாயிருந்தது. சிரங்கு கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிற்றுயிரால் விளைவது என்பதை இத்தாலியரான பொனோமோ 1687இலேயே எழுதியிருந்தும் மேனாட்டு மருத்துவர் நூற்றைம்பது ஆண்டுவரை அதனை முற்றாக நம்பினாரல்லர். இரத்தக்கேடே காரணம் என்றிருந்தனர். வியன்னா நகரத்து எபிறா என்பார் 1844இல் அதனை ஐயந்திரிபற நிறுவினார். தம் உடலிலேயே அச்சிற்றுயிரை ஏற்றுச் சோதித்தவர் அவர். ஆகவே சிரங்கையும் கரப்பானையும் மயங்கக் கண்ட குற்றத்தைத் தமிழ்ப் பேத்தியார்மார்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. எனினும் கரப்பானிற் கந்தகம் பூசப்பட்ட குழந்தை பட்ட எரிவு யார் செய்த பிழையாயினும் எரிவே.

இதனினும் கொடிது தாதுப் பொருள்களால் நேர்ந்தது. மிருதார்சிங்கி, துருசு, அரிதாரம், மனோசிலை, இரசம் என்பன தோல்நோய்க் களிம்புகளிற் சேர்க்கப்பட்டன. மிருதார்சிங்கி ஈயமும், அரிதாரமும் மனோசிலையும் ஆசனிக்கும் உடையன. நூலறிந்த வைத்தியர் சுத்தி செய்தே இவற்றைக் கையாண்டனர். அரைகுறையாகக் கேட்டறிந்தோர் கையில் இவை நஞ்சாயின. வெடித்த தோல் இவற்றை எளிதில் உள்ளே விடும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மேனாட்டார் இவ்வகையிற் பின்தங்கினாரல்லர். ஆசனிக் சேர்ந்த பௌலர் கரைசல் 1786இல் அறிமுகமாகி நூறாண்டுக்கு மேலாகத் தோல்நோயாளருக்கு உள்ளுக்குக் கொடுக்கப்பட்டது. அதனை நெடுநாள் உண்டவர்க்குத் தோலிற் புற்று உண்டாதலை இலண்டன் மருத்துவர் ஹச்சின்சன் 1880களிற் சுட்டிக்காட்டினார். எபிறாவின் புகழ்பெற்ற எக்சீமாக் களிம்போ ஈயமும் ஒலிவ எண்ணெயும் கூட்டிச் செய்தது. இரு மரபினரும் ஒரே குழியில் வெவ்வேறு வழியாக வந்து வீழ்ந்தனர் எனலாம்.

இரு மரபுகளும் யாழ்ப்பாணத்தில் நேருக்கு நேர் சந்தித்தது சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் காலத்திலாகும். 1822இற் பிறந்த இவ்வமெரிக்கர் 1847இல் இலங்கை வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணி தொடங்கினார். மேனாட்டு மருத்துவத்தை ஆங்கிலத்திற் கற்பித்தால் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிப் போய்விடுவர், தமிழிற் கற்பித்தாற்றான் கிராமங்களிற் றங்குவர் எனக் கண்டு, 1860களில் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், வைத்தியாகரம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணாக்கராலும் தமிழாயின. 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலும் இந்து பதார்த்த சாரம் என்னும் பெயரில் தமிழுருப் பெற்றது. வேம்பு முதலான இந்நாட்டு மூலிகைகள் ஆங்கில மருந்து நூலொன்றில் இடம்பெற்று, மீண்டும் தமிழாகித் தாம் பிறந்த இடத்துக்கே திரும்பிவந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. கலைச்சொல்லாக்கத்துக்குக் கிறீன் காட்டிய அக்கறை மொழியறிஞர் போற்றுவது. மருத்துவ நோக்கிலும் அதன் பயன் பெரிது. ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு தமிழ்ப்பெயரை வரையறுக்கப் புகுந்த மொழிபெயர்ப்பாளன் எது சிரங்கு, எது கரப்பான், எது படர்தாமரை என்று முதலில் தனக்குத்தானே தெளிந்தாக வேண்டும்.

1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரான சல்ஸ்பேர்கரும் விற்றனும் ஐதரோகோட்டிசோன் என்னும் பொருளைத் தோலிற் பூசி எக்சீமா அடங்குதலை அறிவித்தனர். அதன்பின் கைமருந்துகள் மங்கின. கிழமைக்கணக்கில் எண்ணெய் பூசித் தணியாதது சில நாட்களிற் றணிந்தது. ஆயின் அவ்வகை மருந்துகளுள் வலியனவற்றை அளவின்றிப் பூசியவர்க்குத் தோல் மெலிந்தது, அச்சம் பரவிற்று, மக்கள் மீண்டும் பச்சிலையை நாடினர். அவ்வச்சத்தையே மூலதனமாக்கினோரும் உளர். இலண்டனில் மூலிகைக் களிம்பு என்று கொடுக்கப்பட்ட பதினொன்றை ஆராய்ந்தபோது எட்டில், கோட்டிசோன் இனத்திலே மிக வலிய டெக்சாமெதசோன் கலந்திருந்தமை 1999இல் வெளியாயிற்று. பச்சிலையென நம்பிக் குழந்தையின் முகத்திற் பூசினோர், தாம் அஞ்சி ஓடிய மருந்தையே அறியாது பூசினர்.

பழைய எண்ணெய்களை நிறுத்துப்பார்க்கும் முயற்சியும் நடந்துள்ளது. பிலிப்பைன்ஸ் நாட்டில் எக்சீமா கொண்ட 117 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குப் புதிதாய் எடுத்த தேங்காயெண்ணெயும் மறு கூற்றார்க்குக் கனிய எண்ணெயும் எட்டு வாரம் பூசினர். முன்னவரின் நோயளவு நூற்றுக்கு 68 வீதமும் பின்னவரின் நோயளவு 38 வீதமும் குறைந்தன என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. தேங்காயெண்ணெய்க்கு இது நற்சான்று. எல்லா எண்ணெய்க்கும் இதனை நீட்டுதல் ஆகாது. ஒலிவ எண்ணெய் தோலின் காப்பைத் தளர்த்துதலை 2013இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்று காட்டிற்று. யாழ்ப்பாணத்தார் கச்சான் என்னும் நிலக்கடலையின் எண்ணெய் சேர்ந்த பூச்சுக்கள், கன்றிய தோலிற் பூசப்பட்ட குழந்தைகட்குப் பின்னர் அக்கடலையே ஒவ்வாமற் போதலோடு தொடர்புற்றிருத்தலை 2003இல் வெளியான மற்றொரு பிரித்தானிய ஆய்வு காட்டிற்று. வேப்பெண்ணெயைப் பற்றி மிக விழிப்பு வேண்டும். சிறு நோய்களுக்கென அதனை உள்ளுக்குக் கொடுக்கப்பெற்ற 13 கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் மயக்கமுமுற்றமையை மலேசிய மருத்துவர் 1981இல் எழுதினர். புறத்தே தடவுவது அகத்தே புகும்போது வேறொரு பொருளாகிவிடுகின்றது.

எஞ்சியது பத்தியம். கத்தரிக்காய், இறால், நண்டு, கணவாய், முட்டை, அன்னாசி முதலியவற்றைக் கிரந்தியென விலக்குதல் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆழ வேரூன்றிய வழக்கம். பால் கொடுக்கும் தாய்க்கும் அவ்விலக்கு உண்டு. சில குழந்தைகட்கு முட்டையோ பாலோ எக்சீமாவைக் கிளறுவது உண்மையே. ஆயின் விலக்கே காப்பு என்னும் கொள்கையை 2015இல் இலண்டனில் முடிந்த ஆய்வு அசைத்துவிட்டது. கடும் எக்சீமாவோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 கைக்குழந்தைகளுள் ஒரு கூற்றார்க்கு நிலக்கடலை உணவு தொடக்கத்திலிருந்தே கொடுக்கப்பட்டது; மறு கூற்றார்க்கு விலக்கப்பட்டது. ஐந்து வயதில், விலக்கியோருள் நூற்றுக்குப் 17 பேரளவினர்க்கும் உண்டோருள் 3 பேரளவினர்க்குமே அவ்வுணவு ஒவ்வாதாயிற்று. தோலின் வழியே முதலிற் புகும் உணவைப் பகையென்றும், வாயின் வழியே முதலிற் புகுவதை உறவென்றும் உடல் கொள்ளும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

பழைய வைத்தியர் விதித்த பத்தியத்துக்கோ நாள் எல்லை இருந்தது. மருந்துண்ணும் நாள் இத்தனை, மறுபத்தியம் இத்தனை நாள் என வரையறுத்து, அதன்பின் விலக்கிய உணவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சொல்வர். அவ்வெல்லை வைத்தியரோடு நின்றுவிட்டது. வீட்டுப் பத்தியத்துக்கு முடிவுநாள் குறிப்பார் எவருமிலர். தவழும் பருவத்தில் விலக்கிய முட்டை, கரப்பான் மாறிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் பிள்ளையின் கோப்பைக்கு வருவதில்லை.